எளியவர்க்கு எட்டும் மென்பொருள்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கணிப்பொறியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது முதலில் தயங்கினேன். கணிப்பொறியின் பெருமையை எடுத்துரைப்பதற்கு நான் தேவையில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்களே அதனை என்னைவிடச் சிறப்பாகச் செய்வார்கள். ஆயினும், பெருமை பேசுவோர் பேசாமல் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அதுதான் விலை. பொறியின் விலையைக்கூடக் கடனை உடனை வாங்கி எப்படியோ சமாளித்துவிடுகிறோம். அந்தப் பொறி புதியதோர் இயங்குதளத்திற்கு மாற நேரும்பொழுது, அதன்மேல் ஓட வேண்டிய மென்பொருள்களுக்கு யார் விலை கொடுப்பது என்பதை நாம் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, நம் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தி, கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு பயில்பவள், மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள். அவளுடைய தந்தையார் கட்டட வேலை செய்பவர். அலுவலகங்கள் கழித்துவிட்ட பொறிகளை வாங்கி விற்கும் கடையொன்றில் 11,000 ரூபாய்க்கு அதனை வாங்கித் தந்திருந்தார். "பெரியப்பா, இது இனிமேல் உதவாது, வேறு வாங்கிக்கொள் என்று பழுதுபார்க்கும் கடையில் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை" என்று கூறி நின்றாள். பொறியைத் திறந்து பார்த்தேன். திரை நன்றாக இருந்தது. விசைகள் நன்றாக இருந்தன. மின்கலம் இரண்டு மணி நேரம் தாங்கியது. அப்படியானால் கெட்டது எது?

கெட்டது ஒன்றுமில்லை, கெடு முடிந்திருந்தது. அப்பொறியில் இருந்தது விண்டோஸ் 10. அது 2015ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் வெளிவந்தது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. தனிப்பட்டோர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரையில் அத்திருத்தங்களைப் பெறலாம் என்று ஒரு தவணை அளிக்கப்பட்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வந்தது. அதனை நிறுவ வேண்டுமானால் பொறியில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு இருத்தல் வேண்டும். இன்டெல் சில்லாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். அப்பெண்ணின் பொறியில் இருந்தது ஆறாம் தலைமுறைச் சில்லு. பாதுகாப்புக் கருதியே இவ்விதி வகுக்கப்பட்டதென்று அதனைச் செய்வோர் கூறுகின்றனர்; அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் "புதிய விண்டோஸ் இதில் ஏறாது" என்று சொல்ல வேண்டிய கடைக்காரர், "இது உதவாது" என்று சொல்லிவிட்டார். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையே ஒரு கொத்தனாரின் பல வாரக் கூலி இருக்கிறது.

அவளுடைய பொறியில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தேன். அவள் உடனே கேட்ட கேள்வியை நான் மிகவும் மெச்சுகிறேன். "இயங்குதளம் சும்மா கிடைத்துவிட்டது, சரி. கட்டுரை எழுத, கணக்குப் போட, படம் வரைய வேண்டிய மென்பொருள்களுக்கு எங்கே போவது? அவற்றுக்கு எவ்வளவு ஆகும்?" என்றாள். கணிப்பொறித் துறையில் பெரிய பெரிய நிறுவனங்கள் இந்தக் கேள்விக்கு விடை காண மாட்டாமல் வீழ்ந்திருக்கின்றன. ஐ.பி.எம். நிறுவனம் ஓ.எஸ்.2 என்றோர் இயங்குதளத்தை வைத்திருந்தது. 1994இல் வார்ப் என்ற பெயரில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதன் திறத்தைப் புகழாதவர் குறைவு. எனினும் அதற்கென மென்பொருள் எழுத நிறுவனங்கள் பெரிதும் முன்வரவில்லை. மென்பொருள் இல்லாததால் மக்கள் வாங்கவில்லை. மக்கள் வாங்காததால் மென்பொருள் எழுதப்படவில்லை. 2006ஆம் ஆண்டின் இறுதியோடு ஐ.பி.எம். அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. பணமும் பெயரும் படைத்த நிறுவனத்திற்கே இக்கதி நேர்ந்தபோது, பணமில்லாத லினக்ஸ் எவ்வாறு பிழைத்தது?

1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் அமெரிக்காவில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தவும், உள்ளே என்ன இருக்கிறதென்று படித்துப் பார்க்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருள்களையே கொண்டு ஒரு முழு இயங்குதளத்தைக் கட்டுவது அதன் நோக்கம். எட்டு ஆண்டுகளில் பல பகுதிகள் ஆயத்தமாயின. கருவென்று சொல்லத்தக்க நடுப்பகுதி மட்டும் நிறைவு பெறாதிருந்தது. 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அத்தகைய கருவொன்றை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. 1992இல் அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அவ்வுரிமத்தின் உயிர்நாடி ஒரே ஒரு நிபந்தனைதான்: நீ பெற்ற உரிமைகளை, உன்னிடமிருந்து பெறுவோருக்கும் மறுக்காமல் கொடு.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இலவச மென்பொருள் வேறு; கட்டற்ற மென்பொருள் வேறு. இன்று இலவசமாகத் தரப்படுவது நாளை நிறுத்தப்படலாம்; மாணவராய் இருக்கும்வரை சலுகை, பட்டம் பெற்ற மறுநாள் முழுவிலை என்றும் ஆகலாம். மேலே நின்று ஒருவர் ஊற்ற, கீழே கைகுவித்து நிற்பதற்கும், பொதுக்கிணற்றில் நாமே இறங்கி இறைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் பொதுக்கிணறு. அதில் விலை இல்லாதிருப்பது பெரும்பாலும் அவ்வுரிமையின் பயனாக வருவதேயன்றி எவருடைய கருணையினாலும் வருவதன்று.

நிற்க. அலுவலகப் பணிக்குரிய மென்பொருள் லினக்ஸுக்கு எவ்வாறு வாய்த்தது என்பதைச் சுருங்கச் சொல்லுகிறேன். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனம் ஸ்டார் ஆபிஸ் என்றொரு தொகுப்பைச் செய்து வந்தது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. அதற்கு முதற்காரணம் என்னவென்று சன் நிறுவனத்தில் பணியாற்றிய சைமன் பிப்ஸ் பின்னாளில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அப்போது அங்கே ஏறத்தாழ 42,000 ஊழியர்கள் இருந்தனராம். அத்தனை பேருக்கும் அலுவலக மென்பொருள் உரிமம் வாங்குவதைவிட, அத்தகைய மென்பொருளைச் செய்யும் ஒரு நிறுவனத்தையே வாங்கிவிடுவது மலிவாக இருந்ததாம்! உரிமக் கட்டணம் கொத்தனார் வீட்டை மட்டுமா வருத்துகிறது? 2000ஆம் ஆண்டில் அதன் மூலநிரல் ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2010இல் அதிலிருந்து கிளைத்ததுதான் லிப்ரே ஆபிஸ். அப்பெண் இன்று தன் கட்டுரைகளை அதிலேதான் எழுதுகிறாள். கணக்குத் தாள்களையும் அதிலேதான் போடுகிறாள்.

பிளெண்டர் என்னும் மென்பொருளின் வரலாற்றைச் சற்று விரித்துரைக்க எனக்கு இடம் தர வேண்டுகிறேன். முப்பரிமாண உருவங்களையும் அசைவுப் படங்களையும் ஆக்குவதற்கான கருவி அது. நெதர்லாந்து நாட்டின் டான் ரூசெண்டால் என்பவர் அதனை உருவாக்கி, அதற்கென ஒரு நிறுவனத்தையும் நடத்தி வந்தார். 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் நிறுவனத்தை மூடிவிட்டனர். மென்பொருளும் அத்தோடு புதைந்து போயிருக்க வேண்டியதே. ரூசெண்டால் அவர்களிடம் சென்று பேசினார். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் நிரலைப் பொதுவில் விட இசைகிறோம் என்றனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அவர் உலகெங்கும் அதனைப் பயன்படுத்தி வந்தவர்களிடம் கையேந்தினார். ஏழே வாரங்களில் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபர் 13ஆம் நாள் பிளெண்டர் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. வாங்கியவர்கள் தமக்கென்று வாங்கவில்லை. கொடுத்தவனும் கொடாதவனும் ஒருங்கே பயன்படுத்தட்டும் என்று வாங்கினார்கள். வீடுதோறும் பிடியரிசி தண்டி இக்கல்விக் கழகத்தின் முதற்கூரையை வேய்ந்த தாய்மார்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அக்கூரையின்கீழ் அரிசி கொடாத வீட்டுப் பிள்ளையும் அமர்ந்துதான் படித்தது. ஆகையால் இக்கதை அவர்களுக்கு வியப்பளிக்காது. 2025 மார்ச் மாதத்தில் சிறந்த அசைவுப் படத்திற்கான ஆஸ்கர் பரிசைப் பெற்ற 'ஃப்ளோ' என்னும் லாத்வியா நாட்டுப் படம் இந்தப் பிளெண்டரைக் கொண்டு ஆக்கப்பட்டதே. பரிசு பெற்ற இயக்குநர் கையாண்ட அதே கருவியை, ஒரு காசும் கொடாமல், நம் படிப்பகத்தின் பழைய பொறியிலும் இறக்கிக்கொள்ளலாம். அதன் புதிய பதிப்புகளுக்கு ஓரளவு வலிவுள்ள பொறி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படங்களைச் செப்பம் செய்ய ஜிம்ப், கோட்டோவியங்களுக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, காணொளி பார்க்க வி.எல்.சி. என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அதற்கு நேரமில்லை. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன், 2025 ஆகஸ்டில் தன் 13ஆம் பதிப்பை வெளியிட்டபோது, அதன் களஞ்சியத்தில் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருந்தன என்பதை மட்டும் சொல்லி அமைகிறேன்.

"திருட்டுப் படிதான் தெருமுனையில் கிடைக்கிறதே, பிறகென்ன?" என்று சில இளைஞர்கள் தமக்குள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. உங்களை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போவதில்லை. நானும் அந்தத் தவற்றைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலரை இப்படிப் பூட்டுடைத்த மென்பொருள் ஒன்றிலே வடிவமைத்தோம். குறுந்தகடு தந்த நண்பர் நல்லெண்ணத்தோடுதான் தந்தார். அதனோடு வந்த நச்சுநிரல், அச்சகத்திற்குக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவில் 84 பக்கங்களையும் அழித்துவிட்டது. மூன்று நாள் உறங்காமல் மீண்டும் தட்டச்சிட்டோம். மறைந்த பெரியவர் ஒருவர் தம் கையால் எழுதித் தந்த நினைவுக் கட்டுரையின் மூலப்படியோ அதற்குள் தொலைந்து போயிருந்தது. அந்த மலர் அக்கட்டுரை இல்லாமலேயே வெளிவந்தது. யாரிடமும் முறையிட இயலாது. களவாடிய பொருள் பழுதென்று எந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொல்வது? விலை கொடுத்து வாங்குவதும் முன்போல் இல்லை. ஒருமுறை வாங்கினால் நமக்கே சொந்தம் என்ற நிலை மாறி வருகிறது. அடோபி நிறுவனம் 2013இல் தன் முதன்மையான வரைகலை மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தும்வரைதான் கருவி கையில் இருக்கும்.

அடுத்துத் தமிழைப் பற்றி. இயங்குதளம் மாறும்போதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியவனுக்கு நேராத ஒரு துன்பம் தமிழில் எழுதியவனுக்கு நேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்துரு, தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலத்தில், பாமினியில் தட்டச்சிட்ட கடிதம் அந்த எழுத்துரு இல்லாத பொறியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றும். நம் கழகத்தின் பழைய கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் சில இன்றும் அந்த நிலையில்தான் கிடக்கின்றன என்பது செயலாளருக்குத் தெரியும். 1999இல் தமிழ்நாட்டு அரசு தமிழ் 99 என்னும் விசைப்பலகை முறையை ஏற்றது. 2010இல் ஒருங்குறியை அரசின் தரமாக ஆணையிட்டது. ஒருங்குறியில் எழுதியதை எந்த இயங்குதளத்திலும் படிக்கலாம். லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகையைத் தனியே விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எம்17என் என்னும் கட்டற்ற தொகுப்பில் அது அடங்கியிருக்கிறது. அமைப்புப் பகுதிக்குச் சென்று ஒருமுறை தேர்ந்துகொண்டால் போதும். லிப்ரே ஆபிஸின் பட்டியல்களையும் தமிழிலேயே காணலாம். இவற்றைத் தமிழாக்கியவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். மொழிபெயர்ப்பில் குறைகள் உள்ளன, சில சொற்கள் பொருந்தவில்லை என்றும் நீங்கள் காண்பீர்கள். காண்பவர் திருத்தி அனுப்பலாம். ஆங்கிலம் ஓரளவும் தமிழ் நன்றாகவும் தெரிந்த பட்டதாரிகள் நம்மிடையே இன்று பலர் உள்ளனர். அவர்களுக்கு இது தகுந்த வேலை.

இதுவரை நன்மைகளையே கூறினேன். குறைகளை மறைத்தால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் கணக்கு வேலைக்குச் செல்வோரிடம் "டாலி தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். டாலி விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டது. அச்சகங்களிலும் ஒளிப்பட நிலையங்களிலும் போட்டோஷாப் கேட்கிறார்கள். அதுவும் லினக்ஸில் நேரே ஓடாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டுவதற்கென்றே வைன் என்றொரு கருவி 1993இல் தொடங்கப்பட்டது. அதன் 1.0 பதிப்பு 2008இல்தான் வந்தது என்றால் அந்த வேலையின் அருமையை உணரலாம். பழைய மென்பொருள்கள் பல அதில் ஓடுகின்றன. எல்லாம் ஓடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும். ஆனால் அட்டவணைகள் சிக்கலாக இருப்பின் பக்க அமைப்பு இங்குமங்கும் நகர்ந்துவிடுவதுண்டு.

ஆகவே, வேலைக்குப் போகும் பிள்ளை இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வரவு செலவின் அடிப்படையைக் கற்றவனுக்கு டாலியின் விசைகளைப் பழகச் சில வாரங்கள் போதும். பயில்வோருக்கென அதிலேயே கட்டணமில்லாத கல்வி முறை ஒன்று உண்டு. மாதத்தின் சில தேதிகளுக்கு மட்டுமே அதில் பதிவு செய்ய முடியும், ஆனால் பழகுவதற்கு அது போதும். நம் படிப்பகத்திலுள்ள பொறிகளுள் புதியதாகிய ஒன்றை விண்டோஸோடு அதற்கென வைத்துக்கொண்டு, ஏனையவற்றை லினக்ஸுக்கு மாற்றலாம். உரிமங்களுக்கென்று ஒதுக்க வேண்டியிருக்கும் தொகையில் நூலகத்திற்குப் போட்டித் தேர்வு நூல்கள் வாங்கலாம்.

இது ஏதோ ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தர ஏற்பாடு என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2001இல் தொடங்கப்பட்டு, 2017இல் கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்த திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் லினக்ஸும் கட்டற்ற மென்பொருள்களுமே ஓடுகின்றன. எழுத்தர் மகனும் மீனவர் மகளும் அதே இங்க்ஸ்கேப்பில்தான் படம் வரையக் கற்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பொறியைத் திறக்கும்போது இரண்டு பெயர்கள் தோன்றும். இரண்டாவது எதற்கென்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. நம் தெருவிலேயே பலர் இடம் போதவில்லையென்று அதை அழித்துவிட்டார்கள். அழித்தவர்களை நோவதற்கில்லை, சொல்லித் தராத நாங்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

இனிச் செயலுக்கு வருகிறேன். செயலாளர் அவர்களின் இசைவோடு, விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் படிப்பகத்தில் இருப்பேன். விண்டோஸ் 11 ஏறாத பொறிகள் எவரிடம் இருப்பினும் கொண்டு வாருங்கள். லினக்ஸ் மின்ட் 22 என்னும் பதிப்பை வைத்திருக்கிறேன். 2024 ஜூலையில் வெளிவந்தது. 2029 வரையில் அதற்குத் திருத்தங்கள் உண்டு. 2 ஜி.பி. நினைவகம் இருந்தால் ஓடும்; 4 ஜி.பி. இருந்தால் நன்றாக ஓடும். வன்தட்டில் குறைந்தது 20 ஜி.பி. இடம் வேண்டும். 32 பிட் சில்லுள்ள மிகப் பழைய பொறிகளை எடுத்து வர வேண்டா. அவற்றிற்கு மின்ட் 22 இல்லை, டெபியனும் 13ஆம் பதிப்பிலிருந்து அவற்றில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்போம். வன்தட்டில் எதையும் மாற்றாமலே திரை, ஒலி, இணையம், அச்சுப்பொறி எல்லாம் ஒத்துழைக்கின்றனவா என்று அறிந்துகொள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு வீட்டிற்கு எடுத்துப் போகலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வருவதற்கு முன் உங்கள் கோப்புகளையும் ஒளிப்படங்களையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். அந்த வணிகவியல் மாணவியும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தமிழ் 99 விசைப்பலகையை அவளே சொல்லித் தருவாள்.